ஸ்பீட் டெஸ்ட் 12 காட்டுது, வீடியோ 144இல நிக்குது

மல்லாவியிலிருந்து வந்த கேள்வி, 6 மே 2024

"அண்ணை, போனில ஸ்பீட் டெஸ்ட் அடிச்சுப் பார்த்தா 12 மெகாபிட் காட்டுது. மகளுக்குக் கெமிஸ்ரி வீடியோ போட்டா 144இல வந்து நிக்குது. பலகையில இருக்கிறது எழுத்தோ எறும்போ எண்டு தெரியேல்லை. கொம்பனிக்காரர் வீடியோவை மட்டும் பிடிச்சு வைக்கிறாங்கள் எண்டு இஞ்ச எல்லாரும் சொல்லுகினம். உண்மையோ?"

6 மே, இரவு

கொம்பனிகளைத் திட்டுவதில் நானும் யாருக்கும் குறைந்தவன் இல்லை. ஆனால் 144ஐத் தேர்ந்தெடுத்தது டவரும் இல்லை, கொம்பனியும் இல்லை, உங்கள் கையில் இருக்கிற போன்தான். வீடியோ ஒரே கோப்பாக வருவதில்லை. சேர்வரில் அதை இரண்டு செக்கன் தொடக்கம் பத்து செக்கன் வரையான துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஐந்தாறு தரத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள். 144, 240, 360, 480, 720 என்று ஏணிப்படி மாதிரி. எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று சொல்லும் பட்டியல் முதலில் வரும். அப்புறம் ஒவ்வொரு துண்டுக்கும், போனுக்குள் வீடியோவை ஓட்டுகிற பிளேயர் தானே கணக்குப் பார்த்து, இதை 360இல் தா, அடுத்ததை 240இல் தா என்று கேட்டு வாங்கும். 2009இல் ஆப்பிள் எச்.எல்.எஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது, 2012இல் டாஷ் என்ற பொதுத்தரம் வந்தது. பெயர்தான் வேறு, வேலை ஒன்றுதான். சேர்வர் வெறும் பெட்டிக்கடை, கேட்ட சாமானை எடுத்துத் தரும்.

உங்கள் போன் ஏன் 360ஐக் கேட்கப் பயப்படுகிறது என்று நாளைக்கு எழுதுகிறேன். இங்கே மின்விளக்கு கண்சிமிட்டத் தொடங்கிவிட்டது.

7 மே, காலை

ஸ்பீட் டெஸ்ட் ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து பத்துப் பதினைந்து செக்கன் மூச்சுவிடாமல் இழுக்கும். வீடியோ பிளேயர் அப்படி இழுப்பதில்லை. ஒரு துண்டு, கொஞ்சம் இளைப்பாறல், பிறகு இன்னொரு துண்டு. இந்த இளைப்பாறலில்தான் சிக்கல்.

கையாலேயே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 144பி படிக்குச் செக்கனுக்குச் சுமார் 100 கிலோபிட் என்று வையுங்கள். ஐந்து செக்கன் துண்டு 500 கிலோபிட், எட்டு பிட் ஒரு பைட் என்பதால் ஏறத்தாழ 60 கிலோபைட். இணைப்பு எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் ஓடாது. முதல் சுற்றில் பத்துப் பொட்டலம், சுமார் 15 கிலோபைட்தான் அனுப்பும். அது போய்ச் சேர்ந்ததென்று பதில் வந்தால் அடுத்த சுற்றில் 30, அடுத்ததில் 60 என்று இரட்டிக்கும். நம் துண்டு மூன்றாவது சுற்றிலேயே முடிந்துவிடுகிறது. போய்வர 150 மில்லிசெக்கன் என்றால் மூன்று சுற்றுக்கு 450. அரை செக்கனுக்குள் 500 கிலோபிட், அப்படியானால் பிளேயரின் கண்ணுக்குத் தெரியும் வேகம் சுமார் 1.1 மெகாபிட். 12 மெகாபிட் ஓடக்கூடிய றோட்டுத்தான், ஆனால் கியர் மாற்றுவதற்குள் வீடு வந்துவிட்டது. இளைப்பாறிவிட்டு அடுத்த துண்டைக் கேட்கும்போது இணைப்பு மறுபடி முதலாம் கியரில் தொடங்கும்.

சின்னத் துண்டைக் கேட்டால் சின்ன வேகம் தெரியும், சின்ன வேகம் தெரிந்தால் மறுபடி சின்னத் துண்டையே கேட்கும். இதுதான் விஷயம்.

7 மே, பின்னேரம்

வவுனியாவிலிருந்து ஒருவர் என்னைப் பிடித்துவிட்டார், சரியாகத்தான் பிடித்திருக்கிறார். 1.1 மெகாபிட் தெரிந்தாலே 360பிக்கு ஏற அது தாராளம் என்கிறார். எச்.எல்.எஸ்.ஜே.எஸ் என்ற திறந்தமூலப் பிளேயரின் விதி: ஏறும்போது, கணித்த வேகத்தின் 70 வீதத்துக்குள் அடங்குகிற படிக்குத்தான் ஏறும். 1.1இல் 70 வீதம் 770 கிலோபிட். 360பிக்கு 500 போதும். ஏறியபிறகு துண்டு பெரிதாகும், பெரிய துண்டில் வேகம் இன்னும் நன்றாகத் தெரியும், அப்புறம் 480. ஆக, காலையில் நான் போட்ட கணக்கே எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

சின்னத் துண்டு, சின்ன வேகம் என்ற அந்தச் சுழி பொய் என்று இல்லை. 2012இல் ஸ்டான்போர்டில் அளந்து காட்டினார்கள். அதே லைனில் வேறொருவர் பெரிய கோப்பு ஒன்றை இறக்கத் தொடங்கினால், பிளேயர் இளைப்பாறும் நேரத்தில் மற்றவர் முழுப் பாதையையும் பிடித்துக்கொள்வார். அடுத்த துண்டு மெதுவாக வரும், பிளேயர் ஒரு படி இறங்கும், இறங்கியதால் துண்டு சிறுக்கும், இன்னும் இறங்கும். ஒரு வைஃபையில் நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு அது பொருந்தும். மல்லாவியில் நீங்கள் தனிப் போனில் டேட்டா போட்டுப் பார்க்கிறீர்கள். போதாக்குறைக்கு, யூரியூப் போன்ற பெரிய இடங்கள் இந்த மெதுவான தொடக்கத்தைச் சமாளிக்க வேறு வழிகளும் வைத்திருக்கின்றன.

தம்பி, ஒன்று செய்யுங்கள். செயலியின் அமைப்புக்குள் போய் வீடியோத் தரம் என்ற இடத்தில் மொபைலுக்கு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். வைஃபைக்கு வேறாகவும் மொபைலுக்கு வேறாகவும் இருக்கும்.

9 மே

பார்த்துவிட்டார். மொபைலுக்கு டேட்டா சேமிப்பு போட்டிருந்ததாம். "மருமோன் போட்டு விட்டவன் அண்ணை, எனக்குச் சொல்லேல்லை."

நான் மூன்று சுற்று, பத்துப் பொட்டலம் என்றெல்லாம் படம் காட்டினேன். மருமகன் ஒரு விரலால் செய்த வேலை.

12 மே

இன்னொரு செய்தி வந்திருக்கிறது. டேட்டா சேமிப்பை எடுத்துவிட்டார், வீடியோ 480இல் ஓடியது, பலகையில் இருக்கிறது எழுத்து என்று தெரிந்தது, மகளுக்குச் சந்தோஷம். மூன்றாம் நாள்: "அண்ணை, மாதம் முழுக்க எண்டு போட்ட டேட்டா முடிஞ்சுது."

480பி ஒரு மெகாபிட் அளவில் ஓடினால் மணிக்கு 450 மெகாபைட். ஒரு நாளைக்கு இரண்டு பாடம் பார்த்தால் ஒரு ஜீபிக்குக் கிட்ட. மருமகன் முட்டாள் இல்லை.

இதைத்தான் நான் கனகாலமாகச் சொல்ல நினைத்தேன், சந்தர்ப்பம் வரவில்லை. எந்தப் படியைக் கேட்பது என்று பிளேயருக்குச் சொல்லும் விதிகளை, அதாவது இந்த அல்கோரிதங்களைச் செய்கிறவர்கள் "நல்லது" என்று எதைக் கணக்கிடுகிறார்கள் என்று பாருங்கள். கட்டுரைகளில் வரும் சூத்திரம் பெரும்பாலும் ஒரே அச்சுத்தான். தரம் கூடினால் புள்ளி ஏறும். வீடியோ நின்று சுற்றினால் புள்ளி குறையும். தரம் அடிக்கடி ஏறி இறங்கினால் இன்னும் கொஞ்சம் குறையும். அவ்வளவுதான். ரீலோட் காசுக்கு அந்தச் சூத்திரத்தில் இடமே இல்லை. இடம் இருந்தால் எடுத்துக்கொள் என்பதுதான் பிளேயருக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். கூலிக்குப் போய் வந்து ரீலோட் போடுகிற வீட்டில் அந்தப் பாடம் செல்லாது. அதனால்தான் மருமகன் மாதிரி ஆட்கள் தேவைப்படுகிறார்கள்.

13 மே

கிளிநொச்சியில் வயல் செய்கிற ஒருவர், "இவ்வளவு கதைக்கிறீர், பிளேயர் எப்பிடித்தான் முடிவெடுக்குது எண்டு வடிவாச் சொல்லும்" என்று கேட்டார். வயல்காரருக்கு வயல் கணக்கிலேயே சொல்கிறேன்.

சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று இரணைமடுக் குளத்தடியில் எப்படித் தீர்மானிக்கிறார்கள்? வானத்தைப் பார்த்து இல்லை. கூட்டம் வைத்து, குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, அதற்கேற்றபடி ஏக்கரைப் பிரிக்கிறார்கள். தண்ணீர் குறைவென்றால் ஏக்கர் குறைவு.

பிளேயரிலும் இரண்டு கட்சி. ஒரு கட்சி மழையைப் பார்க்கும். கடைசித் துண்டுகள் எவ்வளவு வேகமாக வந்தன என்று அளந்து, அடுத்ததும் அப்படியே வரும் என்று நம்பும். மற்றக் கட்சி குளத்தைப் பார்க்கும். அதாவது பஃபர், இறக்கி வைத்து இன்னும் பார்க்காத வீடியோ எத்தனை செக்கன் இருக்கிறது என்பது. குளம் வற்றினால் கீழ்ப்படி, நிறைந்தால் மேல்படி, வேகத்தைப் பற்றிக் கவலையே இல்லை. ஸ்டான்போர்டில் தே-யுவான் ஹுவாங்கும் கூட்டாளிகளும் 2014இல் இதை நெட்பிளிக்ஸ் பார்வையாளர்களிடமே பரீட்சித்தார்கள். அப்போது நெட்பிளிக்ஸ் வைத்திருந்த முறையைவிட வீடியோ நின்று சுற்றுவது 10 முதல் 20 வீதம் குறைந்தது, தரமும் விழவில்லை. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. பஃபரின் அடிப்பகுதியில் எப்போதும் கை வைக்கக்கூடாத ஒரு பங்கு உண்டு. 240 செக்கன் பஃபரில் முதல் 90 செக்கன். அது வரைக்கும் ஆகக் கீழ்ப்படிதான். அந்தப் பங்குக்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள் நீர்த்தேக்கம். நான் உவமை கண்டுபிடித்தேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டு போனால் அங்கே ஏற்கெனவே குளம் கட்டி வைத்திருக்கிறார்கள்.

13 மே, இரவு

வயல்காரர் விடவில்லை. "அப்ப குளம் வெறுமையா இருக்கேக்க?"

சரியான கேள்வி. வீடியோ தொடங்கும்போது பஃபர் பூச்சியம். குளத்தைப் பார்க்கிற கட்சிக்கு அப்போது ஒன்றுமே தெரியாது, மழையைத்தான் பார்க்க வேண்டும். அந்தக் கட்டுரையிலும் தொடக்கத்துக்கென்று தனி ஏற்பாடு ஒன்று பிறகு சேர்க்கிறார்கள். இப்போது பல பிளேயர்களில் கூட்டாட்சிதான்: பஃபர் குறைவாக இருக்கையில் வேகத்தைப் பார்க்கும், கொஞ்சம் சேர்ந்தபிறகு பஃபரைப் பார்க்கும்.

முதல் துண்டை எந்தப் படியில் கேட்பது என்பதற்கு மழையும் இல்லை, குளமும் இல்லை, ஊகம்தான். எச்.எல்.எஸ்.ஜே.எஸ் 500 கிலோபிட் என்று நினைத்துக்கொண்டு தொடங்கும். ஆன்ட்ராய்டில் பல செயலிகள் பயன்படுத்தும் எக்ஸோபிளேயருக்குள் நாடு நாடாக ஒரு அட்டவணையே இருக்கிறது, இலங்கைக்கும் ஒரு வரி. கொழும்பில் கொள்ளுப்பிட்டிக்கும் வன்னியில் துணுக்காய்க்கும் அதே வரிதான். சிரிப்புத்தான் வந்தது.

19 மே

கம்பஸில் படிக்கும் ஒரு பெடியன் கேட்கிறான், இந்தக் காலத்தில் இதையெல்லாம் கையால் விதி எழுதிக்கொண்டு இருக்கவேண்டுமா, ஏஐக்குப் பழக்கிவிடலாமே என்று.

பழக்கினார்கள். 2017இல் எம்.ஐ.டியில் பென்சீவ் என்று ஒன்று. லைன் எப்படி ஏறி இறங்குகிறது என்ற பதிவுகளைக் கொடுத்து, விழுந்து எழும்பித் தானே பழகவிட்டார்கள். அந்தப் பரிசோதனையில் அது பழைய விதிகளை வென்றது. பிறகு ஸ்டான்போர்ட்காரர் பஃபர் மீன் மாதிரி ஊதுகிற பெயரில், பஃபர் என்றே, ஓர் இலவசத் தளம் திறந்தார்கள். அன்ரனாவில் பிடிக்கிற உள்ளூர் ரீவி சனல்களை அதில் ஓடவிட்டு, வருகிறவர்களுக்குச் சீட்டுக் குலுக்குகிற மாதிரி ஆளுக்கொரு அல்கோரிதம் கொடுத்தார்கள். 63,508 பேர், மொத்தமாக 38.6 வருடம் ஓடக்கூடிய வீடியோ. 2020இல் முடிவு வந்தபோது, குளத்தைப் பார்க்கிற அந்த எளிய முறை எதிர்பார்த்ததைவிட நன்றாக நின்றது. கணினிக்குள் செய்த போலிச் சூழலில் பழகிய பென்சீவ் நிஜ லைனில் அந்தப் பவுசைக் காட்டவில்லை. அவர்களுடைய சொந்த முறை முன்னுக்கு வந்தது, ஆனால் அது அதே தளத்தில் வந்த நிஜப் பார்வையாளர்களின் தரவிலேயே பழகியது. அதைத்தான் தம்பி கவனிக்க வேண்டும். அமெரிக்க வீட்டு லைனில் பழகியது முள்ளியவளையில் என்ன செய்யும்?

(மேலே நான் எழுதியதை இப்போது படித்தால் குழப்பமாக இருக்கிறது. இந்தத் தளத்தின் பெயரும் இறக்கி வைத்த வீடியோவின் பெயரும் தமிழில் ஒரே எழுத்தாக வந்து விழுந்துவிட்டன. தளம் ஊதுமீன், மற்றது சேமிப்பு. அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.)

2 யூன்

கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வரவில்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய், அப்புறம் காய்ச்சலில் படுத்து, இப்போதுதான் எழும்பினேன்.

பொங்கலன்று எங்கள் சொந்தத்தில் ஒரு பெடியன் கோயில் வாசலில் நின்று நேரலை போட்டான். ரொறன்ரோவில் சித்தி பார்த்துக்கொண்டு எனக்கு வாட்ஸ்அப்பில், "எங்கட நெற் நல்ல ஸ்பீட், 1080 எண்டு காட்டுது, ஆனா அம்மாளின்ர முகம் சதுரம் சதுரமா வருது" என்று குறைப்பட்டா. ஏணியைப் பற்றி நான் இவ்வளவு எழுதியும் சொல்லாமல் விட்ட விஷயம் இதுதான். ஏணி இருக்கிறது சேர்வரில் இருந்து பார்க்கிறவர் வரைக்கும் மட்டும். எடுக்கிறவரின் போனிலிருந்து சேர்வருக்குப் போகிறது ஒற்றைக் கயிறு. அத்தனை சனமும் ஒரே டவரைப் பிடித்து இழுக்கும் இடத்தில் அந்தக் கயிறு நூலாகிவிடும். போன் தன்பாட்டில் தரத்தைக் குறைத்து அனுப்பும், சேர்வர் அந்த மங்கலையே எடுத்து 1080 வரைக்கும் படி கட்டும். சித்திக்கு வந்தது உயர்தர மங்கல்.

இன்னொரு பகிடி. சித்தி வீடியோவையும் பார்த்துக்கொண்டு அம்மம்மாவோடு போனிலும் கதைத்திருக்கிறா. போனில் மணிச் சத்தம் கேட்டு அரை நிமிடம் போனபிறகுதான் வீடியோவில் மணி அடிக்கிறதாம். நேரலையில் பிளேயர் வழக்கமாகக் கடைசித் துண்டிலிருந்து மூன்று துண்டாவது பின்னுக்கு நின்றுதான் தொடங்கும். ஆறு செக்கன் துண்டென்றால் அங்கேயே 18 செக்கன் போய்விட்டது, மிச்சம் வழியில். அம்மம்மா இதை நம்பவில்லை. கனடா தூரம், அதுதான் பிந்துது என்கிறா. அதுவும் முழுப் பிழை என்று சொல்லமுடியாது.

அந்தப் பெடியனுக்கு நான் சொன்னது: அடுத்த வருஷம் நேரலை விடாதே. எடுத்து வைத்துக்கொண்டு, சனத்தைவிட்டு நந்திக்கடல் பக்கமாகத் தள்ளி வந்து ஏற்று. கேட்கமாட்டான்.

8 யூன்

முல்லைத்தீவிலிருந்து மாங்குளத்துக்கு பஸ்ஸில் வரும்போது ஒரு வேலை செய்தேன். வீடியோ ஒன்றைப் போட்டு, பக்கத்தில் பிளேயரின் நுணுக்க விபரப் பெட்டியைத் திறந்து, எத்தனை செக்கன் சேமிப்பில் இருக்கிறது என்று கொப்பியில் குறித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த ஐயா நான் பொலிஸோ என்று கேட்டார்.

முள்ளியவளையில் சேமிப்பு நிரம்பி வழிகிறது. ஒட்டுசுட்டான் வரைக்கும் பரவாயில்லை. அதுக்கப்புறம் காடு. சிக்னல் கோடு ஒன்றாகி, ஒன்றும் இல்லையாகி, சேமிப்பு 50, 30, 12 என்று இறங்கிப் பூச்சியம். வட்டம் சுற்றுகிறது. காடு முடிந்து கோடு வந்தபிறகும் உடனே மேல்படிக்குப் போகவில்லை, கீழேயே கொஞ்சத் தூரம் ஊர்ந்துகொண்டு வந்தது. காரணம் விளங்குகிறது. சில அல்கோரிதங்கள் கடைசித் துண்டுகளின் வேகத்துக்கு இசைச்சராசரி எடுக்கும், அது சின்ன எண்ணின் பக்கம் சாய்கிற சராசரி. 8, 8, 8, 0.5 என்று நாலு அளவு வந்தால் சாதாரணச் சராசரி 6.1, இசைச்சராசரி 1.7க்குக் கிட்ட. ஒரு அடி வாங்கினால் கனநேரம் நோகும். நகரத்தில் இது நல்ல குணம், எப்போதாவது வருகிற ஒரு பாய்ச்சலை நம்பி ஏமாறாது. இந்த றோட்டில் அதே குணம் கோழைத்தனம்.

ஆனால் உண்மையைச் சொன்னால் எந்த அல்கோரிதமும் அந்தக் காட்டுத்துண்டைத் தாண்டித் தராது. இல்லாத சிக்னலுக்குப் படி எதற்கு? காடு வருமுன்னரே தெரிந்திருந்தால் ஒட்டுசுட்டானிலேயே தரத்தைக் குறைத்து ஐந்து நிமிடத்துக்குச் சேர்த்து வைத்திருக்கலாம். பஸ் சாரதிக்கும் நடத்துநருக்கும் அந்த இடம் தெரியும். அவர்கள் போன் கதைக்கிறதை எங்கே முடிக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும்.

15 யூன்

இனி என் சொந்தக் கதை. இங்கே ஒரு ரியூட்டரியில் இந்த வருஷம் ஏ.எல் எடுக்கிற பிள்ளைகளுக்காகப் பௌதிகவியல் வகுப்பைப் பதிவுசெய்து கொடுக்கும் வேலையை நான் பார்க்கிறேன், சம்பளம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. தொடக்கத்தில் எல்லாரும் செய்கிற மாதிரி 240, 360, 480, 720 என்று ஏணி கட்டினேன். பெரும்பாலான பிள்ளைகளின் போன் 240இலேயே நின்றது. 240இல் சேரின் சட்டைக் கோடு தெரியும், பலகையில் வி வர்க்கமா யு வர்க்கமா என்று தெரியாது.

ஒருநாள்தான் புத்தி வந்தது. பலகை அசையாதே. அசையாத படத்துக்கு எதற்குச் செக்கனுக்கு 25 சட்டம், அதாவது 25 தனிப்படம்? 720பியை அப்படியே வைத்துக்கொண்டு செக்கனுக்கு ஐந்தாகக் குறைத்தேன். சேர் றோபோ மாதிரி விட்டுவிட்டு நடக்கிறார், எழுத்து பளிச்சென்று இருக்கிறது, செக்கனுக்கு ஓடும் பிட் கணக்கு, அதாவது பிட்ரேட், பழைய 240 படியை அண்டி வந்துவிட்டது. நெட்பிளிக்ஸ் 2015இல் படத்துக்குப் படம் வேறு ஏணி என்று அறிவித்ததும் இதே யோசனைதான், அவர்களுக்குக் கார்ட்டூன், எனக்குக் கரும்பலகை.

அப்படியும் சில பாடங்கள் மட்டும் இரண்டு மடங்கு பெரிதாக வந்தன. ஏனென்று இரண்டு கிழமை பிடிபடவில்லை. வீடியோவைச் சுருக்கும் என்கோடர் முன் சட்டத்திலிருந்து மாறியதை மட்டும்தான் அனுப்பும். போனை மாணவன் ஒருவன் கையில் பிடித்துக்கொண்டு எடுத்தவை கொஞ்சம், கை ஆடினால் முழுப் பலகையும் ஆடும், முழுப் பலகையையும் திரும்ப அனுப்ப வேண்டும். சரி, முக்காலி வாங்கினோம். மிச்சம்? சட்டம் சட்டமாக நிறுத்திப் பார்த்தேன். விசிறி. மேலே சுற்றுகிற விசிறியின் நிழல் லைட் வெளிச்சத்தில் பலகை முழுக்க விழுந்து சுற்றிக்கொண்டே இருக்கிறது. கண்ணுக்கு அது தெரியவே இல்லை, என்கோடருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. பிள்ளைகளின் டேட்டாவில் பாதி விசிறி நிழலுக்குப் போயிருக்கிறது.

சேரிடம் விசிறியை நிப்பாட்டச் சொன்னேன். ஒரு பார்வை பார்த்தார். வன்னி வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் நாற்பது பிள்ளைகள். லைட்டை நகர்த்தினோம்.

16 யூன்

துண்டு எவ்வளவு நீளம் என்று கேட்டிருந்தீர்கள். பத்து செக்கன். இரண்டு செக்கன் போட்டால் லைன் மாற மாற உடனே படி மாறலாம், நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு துண்டும் ஒரு முழுப்படத்தோடு தொடங்க வேண்டும், முன்னைய துண்டில் சாய்ந்துகொள்ள ஏலாது. என் பலகையின் ஒரு முழுப்படம் 60 கிலோபைட் வரும். இரண்டு செக்கனுக்கு ஒன்று என்றால் அதற்கே செக்கனுக்கு 240 கிலோபிட். பத்து செக்கனுக்கு ஒன்று என்றால் 48. மெதுவாகத்தான் படி மாறும், மாறட்டும். ஓடுகிற மட்ச் இல்லையே, பலகைக் கணக்கு.

23 யூன்

காட்டுப் பாதையில் போய்வருகிற பிள்ளைகளுக்காகச் சேமிப்பை ஐந்து நிமிடத்துக்குக் கூட்டி வைத்தேன் என்று சொன்னேனோ? சொல்லவில்லைப் போல. கூட்டி வைத்தேன், பிழைத்துப்போனது. பிள்ளை மூன்று நிமிடம் பார்த்துவிட்டு, இது தெரிந்த பாடம் என்று மூடிவிடும். முன்கூட்டி இறக்கிய ஐந்து நிமிடமும் குப்பை, அதற்கும் காசு போயிற்று. இப்போது ஒன்றரை நிமிடத்தில் விட்டிருக்கிறேன். மே 12ஆந் திகதி ரீலோட் காசைச் சூத்திரத்தில் சேர்க்கவில்லை என்று ஊரைத் திட்டியவன் நான்தான், ஞாபகம் இருக்கிறது.

பிள்ளைகள் இதற்கெல்லாம் காத்திருக்கவும் இல்லை. ஒருவன் ரவுணில் வைஃபை உள்ள கடையில் பாடத்தை முழுக்க இறக்கி வாட்ஸ்அப் குறூப்பில் போடுகிறான், சிலர் மெமரி கார்டில் ஏற்றிக் கைமாற்றுகிறார்கள். ஏணியும் இல்லை, கணிப்பும் இல்லை, ஒரு முறை வந்தால் நிற்காமல் ஓடும். அதைவிட நன்றாக ஓடுகிற ஒன்றை நான் இன்னும் செய்யவில்லை.

30 யூன்

நேற்று ரியூட்டரிக்கு வந்த ஒரு பிள்ளையிடம் கேட்டேன், பலகை இப்போது தெளிவாகத் தெரிகிறதா என்று. ஐந்து சட்டம், விசிறி, முக்காலி எல்லாம் செய்தவனுக்கு ஒரு ஆசை இருக்காதா. பிள்ளை கொஞ்சம் தயங்கி, "நான் பாக்கிறேல்லை சேர்" என்றது. பின்னேரத்தில் அம்மாவோடு கச்சான் உடைக்கிற நேரம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்குமாம். கணக்கு வருகிற இடத்தில் சேர் கொடுத்த ரியூட் தாளைப் புரட்டிப் பார்க்குமாம். அதே மாதிரி இன்னும் மூன்று நாலு பேர் இருக்கிறார்களாம்.

ஆப்பிளின் விதிகளில், மொபைல் டேட்டா வழியாக ஓடுகிற வீடியோவுக்கு ஏணியின் அடியில் 192 கிலோபிட்டுக்கு மேற்படாத படி ஒன்று கட்டாயம் என்று இருக்கிறது. அதைப் படித்துவிட்டு, என்னிடம்தான் அந்தளவில் படி இருக்கிறதே என்று தாண்டிப் போனவன் நான். அதற்கும் கீழே ஒரு படி வைக்கலாம் என்று தோன்றவே இல்லை.

இன்றைக்கு இருந்து எல்லாப் பாடத்துக்கும் குரல் மட்டும் உள்ள படி ஒன்று சேர்த்துவிட்டேன். 32 கிலோபிட், ஒரு மணித்தியாலப் பாடம் 14 மெகாபைட் சொச்சம். கேட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சேர் பேசுவதற்குப் பின்னால் விசிறி கிறீச் கிறீச் என்று கத்துகிறது.